மூச்சிலே நிற்கும் சமநிலை



இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு, வாயையும் மூடி, மூச்சைச் சற்று அடக்குங்கள். சிறிது நேரம் எளிதாகக் கழியும். பிறகு நெஞ்சுக்குள் ஒரு தவிப்பு எழும். மேலும் சில நொடிகளில் எத்தகைய மன உறுதி படைத்தவரும் தம்மை மீறி மூச்சை இழுத்துவிடுவார்.

அந்தத் தவிப்பு எதனால் வருகிறது? "உடலில் பிராணவாயு தீர்ந்துவிட்டது, அதனால்தான்" என்றே நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். அந்த விடை சரியன்று. அந்த நேரத்தில் இரத்தத்தில் பிராணவாயு போதிய அளவு இருக்கவே செய்கிறது. நம்மைத் தவிக்கச் செய்வது முதன்மையாக, வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும் கரியமில வாயுதான். அது நீரில் கரைந்தவுடன் ஓர் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் சிறிதளவு கூடினாலும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம் அதனை உணர்ந்து, 'மூச்சுவிடு' என்று நெஞ்சின் தசைகளுக்கு ஆணையிடுகிறது.

இது வெறும் ஏட்டுச் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். கிணற்றிலும் குளத்திலும் மூழ்கி விளையாடும் பிள்ளைகள் சிலர், நீருக்குள் நெடுநேரம் இருக்க வேண்டும் என்ற போட்டியில், குதிப்பதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு விட்டுக்கொள்வார்கள். அதனால் உடலில் பிராணவாயு குறிப்பிடத்தக்க அளவு கூடிவிடுவதில்லை. கரியமில வாயு மட்டும் குறைந்துபோகிறது. தவிப்பு என்னும் எச்சரிக்கை மணி ஒலிப்பதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, நீருக்கடியிலேயே நினைவிழக்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இவ்வாறு உயிரிழப்பதுண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனை இன்றே எடுத்துச் சொல்லுங்கள்.

நம் இரத்தத்தில் அமிலமும் காரமும் எவ்வாறு சமநிலையில் காக்கப்படுகின்றன, அந்தச் சமநிலை குலையும்போது உடல் நமக்குக் காட்டும் அடையாளங்கள் யாவை என்பதே இந்த மாதத்துச் செய்தி.

காரம் என்றால் மிளகாய்க் காரமன்று

எலுமிச்சை, புளி, காடி ஆகியவற்றின் புளிப்புக்குக் காரணம் அவற்றிலுள்ள அமிலம். அமிலத்திற்கு எதிரான குணம் கொண்டது காரம். இங்கே காரம் என்பது மிளகாயின் உறைப்பைக் குறிக்காது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, ஆப்ப மாவில் சேர்க்கும் சோடா உப்பு, சோப்பு நீர் ஆகியவை காரத் தன்மை உடையவை. அமிலமும் காரமும் தக்க அளவில் சேர்ந்தால் ஒன்றின் வீரியத்தை மற்றொன்று போக்கிவிடும்.

ஒரு திரவத்தில் அமிலம் எவ்வளவு என்பதைக் குறிக்க 'பி.எச்.' என்னும் அளவை வழங்குகிறார்கள். 1909ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் சோரன்சன் என்னும் வேதியியல் அறிஞர் இதனை வகுத்தார். தூய நீரின் அளவு 7. அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் மிகும்; மேலே ஏற ஏறக் காரம் மிகும். ஒவ்வொரு படிக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு உண்டு. எலுமிச்சைச் சாற்றின் அளவு ஏறத்தாழ 2. நம் இரைப்பை நீரின் அளவும் அதனை ஒட்டியதே.

நம் இரத்தத்தின் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருக்கிறது. அதாவது, இரத்தம் சற்றே காரத் தன்மை உடையது. இந்த எல்லை எவ்வளவு குறுகியது என்பதைக் கவனியுங்கள். 7.4இலிருந்து 7.1க்கு இறங்கினால் வெறும் புள்ளி மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் அமிலத் தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகள் அதற்குள் இரு மடங்காகிவிட்டன என்பதே அதன் பொருள். 6.8க்குக் கீழே இறங்கினாலும் 7.8க்கு மேலே ஏறினாலும் உயிர் தரிப்பது மிக அரிது.

இத்தனை கண்டிப்பு எதற்காக? உடலின் ஒவ்வொரு செயலையும் நடத்திவைப்பவை நொதிகள் என்னும் புரதங்கள். அமில அளவு மாறினால் அவற்றின் வடிவம் மாறுகிறது. வடிவம் மாறினால் வேலை கெடுகிறது. இதயத் தசை வலுவிழக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு தாறுமாறாகி இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைகிறது. அறிவு மங்கி மயக்கம் சூழ்கிறது.

அமிலம் எங்கிருந்து வருகிறது?

நாம் புளித்த பொருள் எதையுமே உண்ணாவிட்டாலும் உடலில் அமிலம் உண்டாகிக்கொண்டே இருக்கும். சோறும் எண்ணெயும் உடலுக்குள் எரிந்து ஆற்றலாகும்போது கரியமில வாயு பிறக்கிறது. நாம் சும்மா அமர்ந்திருக்கும்போதே நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 மில்லி லிட்டர், ஒரு நாளைக்கு 280 லிட்டருக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது வாயுவாக மாறி மூச்சில் வெளியேறக்கூடிய அமிலம்.

மூச்சில் வெளியேற முடியாத அமிலங்களும் உண்டு. இறைச்சி, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. அது உடலில் கந்தக அமிலமாக மாறுகிறது. இவ்வகை அமிலங்களின் அளவு முன்னதைக் காட்டிலும் மிகக் குறைவு. சுமார் 200இல் ஒரு பங்கு இருக்கும். ஆனால் இவற்றை வெளியேற்றச் சிறுநீரகத்தை விட்டால் வேறு வழியில்லை.

திண்ணை, முன்வாசல், கொல்லை வாசல்

கல்யாண வீட்டிற்கு எதிர்பாராமல் விருந்தினர் கூட்டம் வந்துவிட்டால் என்ன செய்கிறோம்? உள்ளே நெரிசல் ஏற்படாதபடி முதலில் அவர்களைத் திண்ணையில் அமர்த்துகிறோம். இரத்தத்திலும் அத்தகைய திண்ணை ஒன்று இருக்கிறது. பைகார்பனேட் என்னும் காரப் பொருள், சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், மற்றப் புரதங்கள் ஆகியவை புதிதாக வந்த அமிலத்தை நொடிப் பொழுதில் தம்மோடு பிணைத்துக்கொள்கின்றன. பாடநூல்களில் இதனைத் 'தாங்கல்' என்பார்கள்.

இதன் வலிமையை அமெரிக்க ஆய்வாளர்களான ஸ்வான், பிட்ஸ் இருவரும் 1955ஆம் ஆண்டு ஒரு நாயின் உடலில் அமிலம் செலுத்திக் காட்டினார்கள். இரத்தத்தின் அளவு 7.44இலிருந்து 7.14க்கு மட்டுமே இறங்கியது. அதே அளவு அமிலத்தை நாயின் உடலில் உள்ள நீரின் அளவுக்கு ஈடான வெறும் நீரில் கலந்திருந்தால், அது 2க்கும் கீழே போயிருக்கும். ஏறக்குறைய எலுமிச்சைச் சாறாகவே ஆகியிருக்கும்!

ஆனால் திண்ணையில் அமர்ந்தவர்கள் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. திண்ணை நிறைந்துவிட்டால் இடமில்லை. வெளியே அனுப்ப வாசல் வேண்டும். உடலுக்கு இரண்டு வாசல்கள் உண்டு.

முன்வாசல் நுரையீரல். இரத்தத்தில் அமிலம் கூடியதும் முகுளம் மூச்சை ஆழமாக்குகிறது, வேகமாக்குகிறது. கரியமில வாயு விரைந்து வெளியேறுகிறது. சில நிமிடங்களிலேயே இந்த வாசல் அகலத் திறந்துவிடும்.

கொல்லை வாசல் சிறுநீரகம். இது நிதானமாக வேலை செய்யும். முழு வேகம் பிடிக்க மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். ஆனால் இதன் வேலை மிக நுட்பமானது. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதனோடு வடிந்துவரும் பைகார்பனேட்டில் ஏறத்தாழ முழுவதையும் வீணாக்காமல் மீட்டு இரத்தத்திற்கே திருப்பித் தருகின்றன. மூச்சில் போக முடியாத அமிலத்தை அம்மோனியாவோடும் பாஸ்பேட்டோடும் சேர்த்துச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. அவ்வாறு வெளியேற்றும்போதே, திண்ணையில் செலவான பைகார்பனேட்டிற்கு ஈடாகப் புதிய பைகார்பனேட்டையும் உண்டாக்குகின்றன.

இரு வாசல்களும் ஒன்றுக்கொன்று துணை. இரத்தத்தில் பைகார்பனேட் 20 பங்கு என்றால், கரைந்த கரியமில வாயு 1 பங்கு. இந்த விகிதம் நிலைத்தால் இரத்தத்தின் அளவும் நிலைக்கும். பைகார்பனேட் குறைந்தால் நுரையீரல் கரியமில வாயுவைக் குறைத்து விகிதத்தைக் காக்கப் பாடுபடுகிறது. கரியமில வாயு கூடினால் சிறுநீரகம் பைகார்பனேட்டைக் கூட்டுகிறது. ஆகவே, ஒரு நோயாளி வழக்கத்துக்கு மாறாக ஆழ்ந்து மூச்சு வாங்கினால், கோளாறு நுரையீரலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேறெங்கோ தேங்கிய அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் போராடிக்கொண்டிருக்கலாம். இந்த ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். இக்கட்டுரையின் பயன் கிட்டிவிடும்.

கோபன்ஹேகனில் ஒரு பாடம்

இந்த விகிதத்தைப் புரிந்துகொள்ளாததால் பல உயிர்கள் போயின. புரிந்துகொண்டதால் பல உயிர்கள் பிழைத்தன. அந்த வரலாறு பி.எச். அளவை உலகிற்குத் தந்த அதே கோபன்ஹேகன் நகரில் நிகழ்ந்தது.

1952ஆம் ஆண்டு கோடையில் அங்கே இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டம் மருத்துவமனையில் கைகால்கள் மட்டுமின்றி, மூச்சுவிடும் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்த நோயாளிகள் வந்து குவிந்தார்கள். நோயாளியை உள்ளே வைத்து மூச்சுவிடச் செய்யும் 'இரும்பு நுரையீரல்' அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மார்பின் மேல் பொருத்தும் சிறிய கருவிகள் ஆறு இருந்தன. இவற்றைக் கொண்டு தொடக்கத்தில் சிகிச்சை அளிக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

அந்த நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது பைகார்பனேட் வடிவில் இருந்த கரியமில வாயு மிகுந்திருந்தது. பைகார்பனேட் காரம் ஆதலால், இரத்தத்தில் ஏதோ விளங்காத காரணத்தால் காரம் மிகுந்துவிட்டது என்று மருத்துவர்கள் கருதினார்கள். தலைமை மருத்துவர் லாசன், பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருத்துவரை அழைத்து ஆலோசனை கேட்டார். இப்சன் நேர்மாறான விளக்கம் கூறினார். "நோயாளிகளால் சரிவர மூச்சுவிட முடியவில்லை. கரியமில வாயு உள்ளேயே தேங்கிவிட்டது. இது காரத்தின் மிகுதியன்று, அமிலத்தின் மிகுதி" என்பதே அதன் சாரம். முன்வாசல் அடைபட்டிருந்தது, மருத்துவர்களோ கொல்லைப்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 27ஆம் நாள், இறக்கும் நிலையில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இப்சன் தம் முறையைச் செய்து காட்டினார். கழுத்தில் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றைச் செலுத்தினார். தேங்கியிருந்த கரியமில வாயு வெளியேறியது. சிறுமி பிழைத்துக்கொண்டாள். பவுல் ஆஸ்ட்ரப் என்னும் அறிஞர் இரத்தத்தின் பி.எச். அளவை நேரடியாக அளந்து, இப்சன் கூறியதே சரி என்று உறுதிசெய்தார்.

அத்தனை நோயாளிகளுக்கும் இயந்திரத்திற்கு எங்கே போவது? மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அழைக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் படுக்கையருகே அமர்ந்து, கையாலேயே பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். மொத்தம் 1,65,000 மணி நேரம்! ஒரே வேளையில் 70 பேருக்கு இவ்வாறு மூச்சுக் கொடுக்கப்பட்டதும் உண்டு. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, நாளடைவில் நால்வரில் ஒருவர் என்ற அளவுக்கு இறப்பு குறைந்தது.

1953ஆம் ஆண்டின் இறுதியில் இப்சன் அதே நகரில் தொடங்கிய பிரிவே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று போற்றப்படுகிறது. இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினரைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும்போது, "மணிக்கட்டில் ஊசி குத்தி மீண்டும் மீண்டும் இரத்தம் எடுக்கிறார்களே" என்று வருந்துகிறோம். அது தமனி இரத்தத்தில் பி.எச். அளவு, கரியமில வாயு, பைகார்பனேட், பிராணவாயு ஆகியவற்றைக் காணும் சோதனை. கோபன்ஹேகனில் கற்ற பாடத்தின் தொடர்ச்சி அது. எந்த வாசல் அடைபட்டிருக்கிறது என்பதை அறியாமல் மருத்துவர் எதையும் திறக்க முடியாது.

வீட்டில் நாம் காண வேண்டிய அடையாளங்கள்

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை. சில வாரங்களாக மெலிந்து வருகிறாள். "படிப்புக் கவலை" என்கிறார் வாப்பா. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள். இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழிக்கிறாள். "வெயில் காலம்தானே" என்கிறார் உம்மா. ஒருநாள் வயிற்று வலியும் வாந்தியும் வருகின்றன. அஜீரணம் என்று எண்ணிக் கஷாயம் கொடுக்கிறார்கள். மாலையில் பிள்ளை ஆழ்ந்து ஆழ்ந்து மூச்சு வாங்குகிறாள். நெஞ்சில் சளி இல்லை, இருமல் இல்லை. வாயில் பழம் அழுகியது போன்ற ஒரு வாடை. பக்கத்து வீட்டார் "இழைப்பாக இருக்கும்" என்கிறார்கள்.

இது இழைப்பு நோயன்று. இன்சுலின் சுரப்பு நின்றுபோனதால் வரும் நீரிழிவு. இன்சுலின் இல்லாதபோது உடல் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை உருக்குகிறது. அதிலிருந்து கீட்டோன் அமிலங்கள் அளவின்றிப் பெருகுகின்றன. திண்ணை நிறைந்துவிடுகிறது. நுரையீரல் முன்வாசலை முழுவதும் திறந்து போராடுகிறது. அந்தப் போராட்டமே அந்த ஆழ்ந்த மூச்சு. ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் 1874ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1922ஆம் ஆண்டு இன்சுலின் சிகிச்சை வரும்வரை இந்நிலையை அடைந்தவர்களுக்கு மரணம் ஏறக்குறைய உறுதி. இன்றோ உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்தால் சிரை வழியாக நீரும் உப்பும் இன்சுலினும் செலுத்தி அவர்களைக் காப்பாற்றிவிடலாம். இழக்கக் கூடாதது நேரம் ஒன்றே. இரவு கழியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கச் சில நொடிகளே ஆகும்.

இரண்டாவது, வயிற்றுப்போக்கு. மலத்தோடு நீர் மட்டும் போவதில்லை; பைகார்பனேட்டும் போகிறது. 1831ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காலரா பரவியபோது, ஓஷானஸி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தில் நீரும் உப்பும் காரமும் குறைந்துபோயிருப்பதைக் கண்டறிந்தார். பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவில் தந்திக் கம்பி வழியை அமைத்தவரும் அவரே. இன்று நாம் மருந்துக் கடையில் வாங்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தில் அவர் கண்ட உண்மை அடங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் சேர்கின்றன. கடைசியாகச் சொன்ன சிட்ரேட், உடலுக்குள் சென்று பைகார்பனேட்டாக மாறி, இழந்த காரத்தை ஈடுசெய்கிறது. ஆகவே பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவு நீரில், முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். கையால் கிள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது தவறு. வயிற்றுப்போக்குள்ள குழந்தை சோர்ந்து, கண்கள் குழிந்து, சிறுநீர் கழியாமல், வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட்டால், கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

மூன்றாவது, இதற்கு நேர்மாறானது. துக்கச் செய்தி கேட்டோ, பெரும் அச்சத்தாலோ சிலர், பெரும்பாலும் இளம் வயதினர், மளமளவென்று மூச்சுவிடுவார்கள். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தில் காரம் மிகுந்துவிடும். உதடும் விரல்களும் மரத்துப்போகும், கைவிரல்கள் ஒன்றுசேர்ந்து விறைத்துக்கொள்ளும், தலை சுற்றும். இதனைக் கண்டு, பேய் பிடித்துவிட்டது என்று தாயத்துக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அருகில் அமர்ந்து, கையைப் பற்றிக்கொண்டு, "மெதுவாக மூச்சுவிடு" என்று ஆறுதல் கூறினால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். முன்பு சொல்லப்பட்டதைப் போல முகத்தில் காகிதப் பையைக் கவிழ்ப்பது வேண்டாம். இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் அது கேடாகும். முதன்முறை வந்தாலும், வயது முதிர்ந்தவருக்கு வந்தாலும், நெஞ்சு வலி உடனிருந்தாலும் மருத்துவரைக் காட்டிவிடுவதே அறிவுடைமை.

நோன்பு நோற்கும் நீரிழிவாளருக்கு

நோன்பு வைத்திருக்கும் ஆரோக்கியமான ஒருவர் உடலிலும் பிற்பகலுக்குப் பின் கொழுப்பு உருகிக் கீட்டோன் சிறிதளவு உண்டாகிறது. இன்சுலின் சுரந்துகொண்டிருப்பதால் அது அளவு மீறுவதில்லை. அதனைத் திண்ணையும் வாசல்களும் எளிதாகச் சமாளித்துவிடும். நீரிழிவாளரின் நிலை வேறு. "உண்ணவில்லையே, பிறகு இன்சுலின் எதற்கு?" என்று ஊசியை முழுவதும் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்சுலினையே நம்பி வாழ்பவருக்கு இதனைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. உண்ணாத நேரத்திலும் கீட்டோன் அமிலத்தைக் கட்டுக்குள் வைப்பது இன்சுலின்தான்.

அண்மை ஆண்டுகளில் பரவலாக எழுதித் தரப்படும், 'கிளிஃப்ளோசின்' என்று பெயர் முடியும் மாத்திரைகளை உண்போரும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குச் சர்க்கரை அதிகம் ஏறாத நிலையிலேயே கீட்டோன் அமிலம் மிகக்கூடும். ஆகவே ரமளானுக்கு ஒன்றிரண்டு மாதங்கள் முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எவ்வாறு மாற்றுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோன்பு வேளையில் இரத்தச் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழே இறங்கினாலும், 300க்கு மேலே ஏறினாலும், உடல் நலம் குன்றினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை நம் வாசகர்கள் அறிவார்கள். அதனைப் பயன்படுத்தத் தயங்கும் பெரியவர்களுக்கு வீட்டிலுள்ள இளையவர்கள் பணிவோடு எடுத்துச் சொல்லலாம்.

காரத் தண்ணீர் வாங்கலாமா?

"இரத்தம் அமிலமாகிவிட்டதே எல்லா நோய்க்கும் காரணம். காரத் தண்ணீர் குடியுங்கள்" என்று கூறி, விலையுயர்ந்த இயந்திரங்களை விற்பவர்கள் இன்று பெருகியுள்ளனர். இதுவரை படித்த நீங்களே இதற்கு விடை கூறிவிடலாம். அந்த நீர் முதலில் போய்ச் சேருவது அளவு 2ஐ ஒட்டிய இரைப்பை அமிலத்தில். அங்கேயே அதன் காரம் போய்விடும். சிறிது எஞ்சினாலும் நுரையீரலும் சிறுநீரகமும் இரத்தத்தின் அளவை மாற விடுவதில்லை. நாம் உண்பதற்கேற்ப மாறுவது சிறுநீரின் அளவு. அது 4.5 முதல் 8 வரை ஏறி இறங்கும். இரத்தத்தைக் காப்பதற்காகவே அது மாறுகிறது. ஆகவே சிறுநீரில் தாளை நனைத்து, நிறம் மாறியதைக் காட்டி, "உங்கள் இரத்தம் கெட்டுவிட்டது" என்று யாரேனும் கூறினால் நம்ப வேண்டாம். காய்கறிகளும் பழங்களும் நல்லவைதாம். அவற்றின் நன்மைக்குக் காரணங்கள் வேறு பல உண்டு.

இந்த வாதத்தை நூலாக எழுதிப் புகழ்பெற்ற அமெரிக்கர் ஒருவர், உரிமமின்றி மருத்துவம் செய்த குற்றத்திற்காக 2016ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். வீணாகும் பணத்தை விடப் பெரிய நட்டம், உண்மையான சிகிச்சை தள்ளிப்போவதே. புற்றுநோய்க்கும் நீரிழிவுக்கும் மருந்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரை நம்பியவர் இழக்கும் மாதங்கள் திரும்பி வருவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குக் கொல்லை வாசல் உண்மையிலேயே குறுகிப்போகிறது. இரத்தத்தில் அமிலம் மெல்ல மெல்லச் சேருகிறது. அவர்களுக்குச் சோடியம் பைகார்பனேட் மாத்திரையை மருத்துவர் தருவதுண்டு. அது சோதனை பார்த்து, அளவறிந்து தரப்படும் மருந்து. அதனைக் கண்டு மற்றவர்களும் சமையல் சோடாவை நீரில் கரைத்து நாள்தோறும் குடிக்கத் தொடங்கினால், அதிலுள்ள சோடியம் இரத்த அழுத்தத்தைக் கூட்டும்; காரமும் அளவு மீறும்.

அன்பு வாசகர்களே! நாம் உறங்கும்போதும் விழித்திருக்கும்போதும் இந்தச் சமநிலை நம்மைக் கேளாமலே காக்கப்படுகிறது. அதனை நாம் காக்க வேண்டிய தேவையில்லை. அது தடுமாறும் வேளையைக் கண்டுகொள்வது மட்டுமே நம் பொறுப்பு. இன்றிரவு வீட்டார் உறங்கிய பின், உங்கள் குழந்தை மூச்சுவிடும் விதத்தைச் சற்று நேரம் கவனியுங்கள். அதன் இயல்பான மூச்சு எவ்வாறு இருக்கும் என்பதை அறிந்து வைத்திருப்பவர்தாம், அது மாறும் நாளில் முதலில் அறிந்துகொள்வார்.